கான்சலின் சிரிப்பு

"இடது காலை இன்னும் கொஞ்சம் இழு. ஐயோ, அவ்வளவு இல்லடா! நடக்குறது கான்சல், நொண்டி ஆடு இல்ல!" என்று கத்தினான் டாப்போ.

முப்பது வருஷம் செர்வியஸ் நுமிட்டோரியஸின் கூடாரத்தைக் காவல் காத்த கிழட்டுச் சிப்பாய் அவன். கத்தாமல் பேசவே வராது. கூடத்தின் நடுவில், வாசலைப் பார்த்துக் கால் நீட்டி, அந்த செர்வியஸ்தான் பிணமாகக் கிடந்தார். பிணத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தவன் நடிகன் பாக்கியோ. நாளை ஊர்வலத்தில் இறந்தவரின் மெழுகு முகமூடியை மாட்டிக்கொண்டு, அவருடைய கரைபோட்ட உடையில், அவரைப் போலவே நடந்து பேசி ஊரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ரோமில் கான்சல் என்ற உச்சப் பதவி வரை போனவருக்கு இந்தப் பாக்கியம் உண்டு. தன் பாடைக்குப் பின்னால் தானே நடந்து போகலாம்.

தலைமாட்டில் ஒப்பியா தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். முதல் வருஷமே அவர் ஸ்பெயினுக்குப் போனார். திரும்பி வந்து தேர்தலில் நின்றார், ஜெயித்தார், சிசிலிக்குப் போனார். மறுபடி தேர்தல், மறுபடி படை. ரோமில் இருந்த நாட்களிலும் விடியும்போதே வாசலில் மனுக்காரர் கூட்டம் நிற்கும். பகலெல்லாம் மன்றம், ராத்திரி யாராவது செனட்டர் வீட்டில் விருந்து. உனக்குப் பிள்ளை பிறந்ததே பெரிய காரியம்தான் என்று அவள் தங்கை கேலி செய்வாள்.

கடைசியாக மாசிடோனியாவிலிருந்து பன்னிரண்டு நாளைக்கு முன்னால் காய்ச்சலோடு வந்து இறங்கினார். இனி எங்கேயும் போகமாட்டார் என்று ஒப்பியா உள்ளூர சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, இப்ப சிரிப்பு," என்றான் டாப்போ. "முதல்ல மூக்கால ரெண்டு தடவை. ஹும், ஹும். அப்புறம் தொடையில ஒரு தட்டு. அதுக்கப்புறம்தான் வாயே திறக்கும்."

பாக்கியோ மூக்கால் உறுமினான். தொடையைத் தட்டினான். பிறகு வாயைத் திறந்து கூரை அதிரச் சிரித்தான். வேலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாவின் முகாமில் இரண்டு வருஷம் இருந்த மகன் நியூமேரியஸ், கண்ணீரோடு சிரித்துவிட்டான்.

"அப்படியே அப்பாதான்! அம்மா, கேட்டீங்களா?"

கேட்டாள். அந்தச் சிரிப்பை அவள் இதற்கு முன் கேட்டதே இல்லை.

பாக்கியோ வியர்வையைத் துடைத்தபடி வந்து அவள் முன்னால் குந்தினான். தொழிலில் கெட்டிக்காரன், நெஞ்சில் ஈரமும் உண்டு.

"அம்மா, முகாம்ல எப்படி, மன்றத்துல எப்படின்னு எல்லாம் பிடிச்சுக்கிட்டேன். வீட்டுல எப்படி இருப்பாருன்னு நீங்கதான் சொல்லணும். ஜனங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஊரையே மிரட்டுற மனுஷன் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்குறது, மீன்ல உப்பு கம்மின்னு மூஞ்சிய சுளிக்கிறது... இப்படி ஒண்ணு குடுங்க, போதும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒப்பியா நினைவில் தேடினாள். நின்றுகொண்டே சாப்பிடுவார், கூடவே எழுத்தர்களுக்குக் கடிதம் சொல்லுவார். அவளைக் கண்டால், உடம்பு எப்படி இருக்கிறது என்று மனுக்காரரிடம் கேட்பதுபோலக் கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். பொய்யாக ஒன்றைக் கட்டிவிடலாம்தான். பக்கத்து வீட்டுக்காரன் செய்வதைச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? வாய் வரவில்லை.

"வீட்டுல அவரு அதிகமா பேசமாட்டாரு," என்றாள்.

"பேசமாட்டாரா? எங்ககிட்ட வாயே மூடமாட்டாரேம்மா!" என்ற டாப்போ சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அம்மா களைச்சுப் போயிருக்காங்க. விடுப்பா," என்றான் நியூமேரியஸ்.

மறுநாள் குழல்காரர்கள் முன்னால் போனார்கள். பதவிச் சின்னமான கோல்கட்டுகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காவலர்கள், பரம்பரைப் பெரியவர்களின் முகமூடிகளை மாட்டிய ஆட்கள் தேர்களில், பிறகு பாடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பாக்கியோ காலை இழுத்து இழுத்து நடந்தான். ஊர் நடுவே இருந்த மன்றத் திடலுக்குள் நுழைந்ததும் பழைய சிப்பாய்கள் கூட்டத்திலிருந்து வம்புக்கிழுத்தார்கள்.

"தலைவரே! அந்தக் கோவேறு கழுதை எங்க?"

பாக்கியோ மூக்கால் இரண்டு தடவை உறுமினான். தொடையைத் தட்டினான். "அதுவா? செனட்ல சேர்த்துவிட்டுட்டேன்டா. இப்ப அதுதான் நிறைய பேசுது!"

மன்றமே குலுங்கியது. செனட்டர்கள்கூடச் சிரித்தார்கள். ஒப்பியாவுக்குப் பின்னால் நின்ற கடலைக்காரி, "இன்னும் அந்தக் கழுதைய விடலியா இந்த மனுஷன்," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடலைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது.

"எந்தக் கழுதைடா?" என்று ஒப்பியா மகனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அது பெரிய கதைம்மா, அப்புறம் சொல்றேன்," என்றவன் மேடை ஏறிவிட்டான். அப்பா வகித்த பதவிகள், பிடித்த ஊர்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். மனைவியோடு முப்பத்தொரு வருஷம் ஒரு சண்டைகூட இல்லாமல் வாழ்ந்தார் என்றும் சொன்னான். கூட்டம் தலையாட்டியது. நியூமேரியஸ் பொய் சொல்லவில்லை. சண்டை போட ஆள் வீட்டில் இருக்கவேண்டுமே.

சிதை எரிந்து முடிந்ததும் ஆண்கள் சாவு விருந்துக்காக அங்கேயே தங்கினார்கள். ஒப்பியா வீட்டுக்கு வந்து தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே போனாள். பெண்கள் வீட்டைப் பெருக்கி முடித்துப் பின்கட்டுக்குப் போயிருந்தார்கள். வெயில் இறங்கும் நேரத்தில் பாக்கியோ முகமூடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

"கூடத்து அலமாரியில வைக்கணும்னு சொன்னாங்கம்மா. பார்த்து வைங்க, வெயில்ல கொஞ்சம் இளகியிருக்கு."

ஒப்பியா அதை வாங்கவில்லை.

"ஒரு தடவை போட்டுக்க."

"அம்மா?"

"போட்டுக்கப்பா. யாரும் இல்ல."

அவன் தயங்கித் தயங்கி மாட்டிக்கொண்டான். "சிரிக்கணுமாம்மா?" என்று மெழுகுக்குள்ளிருந்து கேட்டான்.

"வேண்டாம். வாசல்லேருந்து நடந்து வா."

பாக்கியோ வாசலுக்குப் போய்த் திரும்பி, பழகிய பழக்கத்தில் இடது காலை இழுத்தான்.

"காலை இழுக்காத," என்றாள் ஒப்பியா. "கல்யாணமான புதுசுல அவருக்கு அந்தக் கால் நல்லாத்தான் இருந்துச்சு. வேகமா வருவாரு. ரெண்டு ரெண்டு படியா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. டாப்போவுக்குத் தெரியாது. நியூமேரியஸ் அப்போது பிறக்கவே இல்லை. இது ரோமில் வேறு யாருக்கும் தெரியாது.

பாக்கியோ மறுபடி வாசலுக்குப் போனான். இந்த முறை நிமிர்ந்து, இளைஞனைப்போல விறுவிறுவென்று வந்தான். அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தான். அடுப்பிலிருந்த பருப்புக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துவந்து ஒப்பியா அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ரொட்டியைப் பிட்டு வைத்தாள். அவிழ்ந்து கிடந்த முடியைக் கையால் அள்ளி முடிந்துகொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். "சாப்பிடுங்க, ஆறிடும்."

பாக்கியோ அசையவில்லை. கஞ்சியின் ஆவி எழுந்து மெழுகு உதடுகளில் துளித்துளியாகப் படிந்தது.