பெயருக்கு நேரே மூன்று எழுத்து

கேட்டில் ஒட்டியிருந்த தாளில் டோரதியின் பெயருக்கு நேரே மூன்று இங்கிலீஷ் எழுத்து இருந்தது. ஆர், ஈ, டி. அதைப் பார்த்ததுமே அவளுக்கு மணலியில் வேலை போன நாள் ஞாபகத்துக்கு வந்தது.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் காலிப் பெட்டிகளைக் கூட்டிக் கழுவுகிற வேலை அவளுக்கு. பழைய கான்ட்ராக்ட் இன்றோடு சரி, நாளை முதல் புதுக் கம்பெனி. யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை அனுப்புவார்கள் என்று ஒரு வாரமாக ஒருத்திக்கும் சோறு இறங்கவில்லை.

டோரதி எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் வேலை சம்பந்தப்பட்ட இங்கிலீஷை அடிபட்டே கற்றிருந்தாள். முன்பு மணலியில் நாற்பது பேரை ஒரே நாளில் வெளியே தள்ளியபோது கொடுத்த தாளில் 'ரிட்ரென்ச்மென்ட்' என்று இருந்தது; அதுவும் இதே மூன்று எழுத்தில்தான் தொடங்கியது. வாயில் நுழையாத வார்த்தை, வயிற்றில் மட்டும் நன்றாக நுழைந்தது. ஆளைத் துரத்த இந்த இங்கிலீஷ்காரன்தான் எத்தனை வார்த்தை வைத்திருக்கிறான்! அந்தத் தடவை விடுவிப்புக் காகிதம் கைக்கு வர ரெண்டு மாசம் இழுத்தடித்தார்கள், அது இல்லாமல் வேறு இடத்தில் சேர முடியவில்லை. அதற்குள் இ.எஸ்.ஐ. கார்டு செல்லாமல் போய், அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸுக்கு மூன்று டயாலிசிஸ் தவறியது. உடம்பெல்லாம் நீர் ஏறி, படுக்க முடியாமல் ராயபுரம் வீட்டுச் சுவரில் சாய்ந்தே மூச்சு வாங்கினான். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க அவளுக்குத் தைரியம் கிடையாது. அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பீம்ராவ் வந்து தாளைப் படித்தான். பன்னிரண்டாவது பெயில். அதனால் யார்டுக்கே இங்கிலீஷ் புலவர் அவன்தான்.

"சாபிராக்கா, உனுக்கு ஏ.பி.எஸ். போட்டுகீது. அப்சார்ப்! புது கம்பெனி உன்ன எடுத்துகிச்சு. பிரியாணி எப்போ?"

டோரதியோடு ஜோடியாக வேலை செய்கிற சாபிரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் பிரசவத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் வேலைக்கு வராமல் நின்றவள். முதல் சீட்டு தனக்குத்தான் கிழியும் என்று பயந்துகொண்டிருந்தாள்.

"எனுக்கு இன்னா போட்டுகீது?" என்றாள் டோரதி.

பீம்ராவ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பெரிய வார்த்ததான்க்கா. ரிட்ரென்ச்."

தெரிந்ததுதான். ஆனாலும் அந்த மூன்று எழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"நீயா ரிசைன் பண்ட்டா ரிலீவிங் லெட்டர் ஒடனே குடுத்துடுவான்க்கா. அத்த காட்டி எண்ணூர் யார்டுல நாளைக்கே சேந்துக்கலாம், அங்க ஆள் எடுக்கறாங்களாம், கார்டு கட்டாவாது. அவனா தொரத்துனா இஸ்துகினே கெடப்பான். பன்னண்டு மணிக்கு ஆபீஸ் ஜன்னல சாத்திடுவான், அதுக்குள்ள குடுத்துரு."

"ரகுபதி சாரை ஒரு வார்த்த கேளேன்க்கா," என்றாள் சாபிரா.

சூப்பர்வைசர் ரகுபதி புதுக் கம்பெனிக்காரர்களோடு ஏ.சி. ரூமுக்குள் இருந்தார். டோரதி கதவு வரை போனாள். கண்ணாடிக்குள் நாலு பேர் டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய்க் கேட்டு, அவர்கள் எரிச்சலாகி, கிடைக்கிற காகிதமும் கிடைக்காமல் போய்விட்டால்? கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

ராஜினாமாவைப் பீம்ராவ் எழுதினான், அவள் கையெழுத்துப் போட்டாள். ஜன்னலில் இருந்த கிளார்க் படித்துக்கூடப் பார்க்காமல் சீல் குத்தி ஒரு காப்பி கொடுத்தான். அதை ஜாக்கெட்டுக்குள் செருகிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

பன்னிரண்டரைக்குப் புதுக் கம்பெனிப் பெண் ஒருத்தி கேட்டுக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் கிறிஸ்டினா என்று இருந்தது.

"ரீட்டெயின்டு லிஸ்ட் வாசிக்கிறேன். ஆர்.ஈ.டி. போட்டவங்க எல்லாரும் எங்களோடவே இருக்கீங்க, பயப்படாதீங்க," என்று சிரித்தாள்.

அவள் கையிலிருந்த தாளில் நாலாவது பெயர் டோரதியுடையது. வாசிக்காமலே கிறிஸ்டினா அதைத் தாண்டினாள். அதன்மேல் புதிதாக ஒரு கோடு இருந்தது. அந்த இடத்தில் சாபிரா என்று வாசித்தாள்.

பின்னாலேயே ரகுபதி வந்தார், கையில் அந்தக் கடுதாசியோடு. "இன்னாம்மா இது? அஞ்சு பேருக்குத்தான் எடம். ஒன் வூட்டுக்காரரு நெலமைய சொல்லி ஒன் பேர நான்தான் போட வச்சேன். வேற நல்ல எடம் கெடச்சிருச்சா?"

"எண்ணூர்ல இன்னும் கேக்கவேயில்ல சார். அத்த கிழிச்சிடுங்க சார். தெரியாம குடுத்துட்டேன்."

"ஹெட் ஆபீசுக்கு மெயில் பூடுச்சும்மா. சாபிராவ சொல்லாம ஓடுன ஆளுன்னு கழிச்சு ஏ.பி.எஸ். போட்டிருந்தாங்க. அப்ஸ்காண்டிங். எடம் காலியாச்சேன்னு கெஞ்சி அவள போட்டுட்டேன். இனிமே மாத்த முடியாது."

பீம்ராவ் எப்போது நழுவினான் என்று தெரியவில்லை. சாபிரா வந்து டோரதியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் என் இடத்தை நீ எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், அவள் வீட்டிலும் பச்சைப்பிள்ளை இருக்கிறதே. டோரதிக்கு அவளை வாழ்த்தவும் வரவில்லை, வையவும் வரவில்லை.

போன் அடித்தது. ஸ்டானிஸ்லாஸ். தாள் ஒட்டிவிட்டார்களா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான்.

வேலையை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்றுதான் காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். யாரும் துரத்தவில்லையே, நானேதான் எழுதிக் கொடுத்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? போன் அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.