மடிப்புக்குள் ஓர் ‘ஆகையால்’

கதிரவன் மேற்கு மாடங்களின் பின்னே மெல்லச் சரிய, மழை விட்ட தெருக்களில் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஒளிர, பணி முடிந்தோர் குடையை மடக்கியவாறு இல்லம் நோக்கி விரைந்துகொண்டிருந்த அந்த மாலைப்பொழுதில், கடைத்தெருவை அடுத்த பழைய வீடொன்றின் மாடியறையில் மட்டும் சாளரங்கள் இறுகச் சாத்தப்பட்டிருந்தன. ஈரக்காற்று நூல்களுக்கு ஆகாது என்பது அவ்வீட்டுச் சட்டம். உள்ளே மூச்சுக்குத் திணறும் நோயாளி ஒருவர் இருக்கிறாரே என்று கேட்பீர்களாயின், கற்றறிந்த பெருமக்களே, நீங்கள் நூல் தொகுப்போரைக் கண்டதில்லை என்பேன்.

வீட்டுக்காரரை ஊரார் மடிப்புக்காரர் என்றே அழைத்தனர். அச்சுக்கலை பிறந்த புதிதில் வெளிவந்த மெய்யியல் நூல்களையும், ஏரணம் எனப்படும் தருக்க நூல்களையும் தேடித் தேடித் தொகுப்பதே அவர் வாழ்வு. பெருந்தாளில் அச்சிட்டு, பல மடிப்பாய் மடித்து, விளிம்பு வெட்டாமலே தைத்துத் தருவது அக்கால வழக்கம். வாங்கியவர்தாம் கத்தியால் மடிப்பை அறுத்து அறுத்துப் படிக்க வேண்டும். கத்தி படாத நூற்படியென்றால் தொகுப்போர்க்கு உயிர். படித்தால் மதிப்புக் குறையும் பொருள் இவ்வுலகில் வேறு உண்டோ, நான் அறியேன்.

அவருடைய அக்கையோ கல்லூரியில் ஏரணம் கற்பித்து ஓய்ந்தவர். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். இப்போது நெஞ்சுநோய் முற்றி, நூல்களின் நடுவிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டு, அந்த மாடியறைக் கட்டிலில் கிடந்தார். தம்பி தொகுத்த நூல்களில் என்ன இருக்கிறது என்பது தம்பிக்கே அக்கை சொல்லித்தான் தெரியும்.

அத்தொகுப்பில் ஒரு நூல், எஞ்சிய ஒரே படி, கத்தி படாதது. மடிப்பின் வெளியே தெரிந்த பக்கங்களை எல்லாம் அக்கை படித்து முடித்திருந்தார். ‘ஓர் அறையில் ஒருவர் இல்லை என்பதை நாம் கண்ணால் காண்கிறோமா, எண்ணித்தான் அறிகிறோமா?’ என்ற வினா வெளிப்பக்கத்தில் இருந்தது. விடையோ மடிப்புக்குள் இருந்தது. ஒற்றைக் கண்ணை மூடி, குழாய்க்குள் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தும் ‘ஆகையால்’ என்ற ஒரு சொல்லுக்குமேல் அவருக்கு அகப்படவில்லை.

“வெட்டித் தாடா தம்பி. அந்த ஒரு மடிப்பு மட்டும் போதும்,” என்றார் அன்று மாலை.

“புத்தகக் கண்காட்சி முடியட்டும்க்கா. இந்தப் புத்தகத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் வர்றாங்க. முடிஞ்ச அன்னிக்கே வெட்டித் தர்றேன்.”

“வைக்கப்போர் நாய் கதைதான் உன்னுது. தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது,” என்று சிரித்த அக்கை, சிரிப்பு இருமலாய் மாற, கையை அசைத்து அவரை அனுப்பிவைத்தார். நாள்கள் அதிகம் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்ததைத் தம்பி அறியாதவர் அல்லர். அறிந்தும் தள்ளிப்போட்டார்; அதைத்தான் என் நெஞ்சு பொறுக்கவில்லை.

சில நாள் கழித்து நடந்த கண்காட்சியில் கண்ணாடிப் பேழைக்குள் கிடந்த அந்நூலைக் கண்டு வியந்தோர் பலர்; வாயாரப் புகழ்ந்தோர் பலர். புகழில் உச்சி குளிர்ந்த மடிப்புக்காரர், சொன்ன சொல் தவறலாகாது என்று, கண்காட்சி முடிந்து நூலோடு வரும் வழியில் தாள் அறுக்கும் கத்தியொன்றும் வாங்கிக்கொண்டு படியேறினார். மாடியறைச் சாளரங்கள் அகலத் திறந்திருந்தன. வாயிலில், அக்கையைப் பார்த்துக்கொண்ட செவிலி கைகட்டி நின்றாள்.

“மத்தியானமே போயிட்டாங்க ஐயா. உங்களுக்கு எப்படிச் சொல்லி அனுப்புறதுன்னு தெரியல.” சற்றுத் தயங்கித் தொடர்ந்தாள். “‘பதிலை நானே கண்டுபிடிச்சிட்டேன், புத்தகத்தை வெட்ட வேணாம்னு அவன்கிட்ட சொல்லு’ன்னாங்க. நிஜமாவாம்மான்னு கேட்டேன். ‘எங்க கண்டுபிடிச்சேன்? இப்படிச் சொன்னாத்தான் அவன் மனசு ஆறும்’னு சிரிச்சாங்க.”

மறைக்க வேண்டியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்பதை அந்த வெள்ளை மனத்தாள் உணரவில்லை.

அடக்கம் முடிந்து உற்றார் கலைந்த மறுநாட் காலையில், மடிப்புக்காரர் வெறுங்கட்டிலின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டமர்ந்து, ஒரு மடிப்பை மட்டுமன்று, அந்நூலின் எல்லா மடிப்புகளையும் அறுத்தார். தாளின் துகள் மடியெங்கும் உதிர்ந்தது. பின்னர், ‘ஆகையால்’ என்று தொடங்கும் அப்பக்கத்தை உரக்கப் படித்தார், மீண்டும் படித்தார், ஒரு வரியும் விளங்கவில்லை. வாழ்நாளெல்லாம் செய்து பழகியவாறே, விரலை அவ்வரியில் வைத்தபடி, “இதுக்கு என்னக்கா அர்த்தம்?” என்று தலை நிமிர்ந்தார்.

அக்கை அங்கில்லை. அதை அவர் எண்ணி அறியவில்லை; கண்டார்.

நூலைக் காப்பது நன்றே, பெருமக்களே; ஆயினும், படிப்பதற்கு ஆள் இருக்கும்போதே பிரித்துவிடுங்கள்.