வெற்றிலையில் வந்த குளிகை

1937 செப்டெம்பர் 2, வியாழன். இன்று வகுப்பில் மைக்கூட்டைத் தட்டி ஊற்றிவிட்டேன். மாஸ்ரரின் சோக்கு பலகையில் கீச்சிட்டதும் திடுக்கிட்டேன். மேசை ஆடியது என்று சொன்னேன். மேசை ஆடவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு இளையதம்பி பேனையை வைத்தான். பகலில் விட்ட பிழையை முதலில் எழுதவேண்டும், அடுத்ததாக அதன் காரணத்தை எழுதவேண்டும் என்பது அவன் தனக்குத்தானே போட்ட சட்டம். இன்று காரணம் நன்றாகத் தெரியும். எழுதத்தான் மனம் வரவில்லை.

காரணம், காலையில் விழுங்கிய குளிகை. அதை விழுங்கிய நாளில் அவனுக்கு உடம்பெல்லாம் காதாகிவிடும். எங்கோ படலைக் கதவு அடித்தால் இங்கே முதுகு சொடுக்கும். ஆனால் சைக்கிளில் ஏறினால் கால் ஓயாது. நாளை மறுநாள் காங்கேசன்துறைக்குப் போய்த் திரும்புகிற சைக்கிள் ஓட்டப் போட்டி. வல்வெட்டித்துறையாரும் வருகிறார்கள்.

குளிகை கொடுப்பது அக்காவின் புருசன், அத்தான் தம்பிராசா. உரும்பிராய்ச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருப்பவர். தாய் தகப்பனை இழந்த இளையதம்பியை அக்காவோடு சேர்த்து அழைத்துவந்து, தொழிலும் பழக்கி, பின்னேர வகுப்புக்கும் போகவிட்டவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாட்டு மருந்து செய்கிற பரியாரி ஒருவர் உடல் அசதிக்கு எட்டிக்கொட்டை சேர்த்து உருட்டிய குளிகை அது. போட்டி நெருங்கினால் நாளுக்கு ஒன்று. ஆனால் அத்தான் அதைக் கடையில் வைத்துக் கொடுப்பதில்லை. பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய், வெற்றிலையில் வைத்து, சுவாமியின் காலடியில் சாத்தி, பூசை முடிந்ததும் திருநீற்றோடு நீட்டுவார். சுவாமிக்கு முன்னால் இருந்து வந்ததை வேண்டாமென்று சொல்ல அந்த ஊரில் யாருக்கு வாய் வரும்? வாசலில் நிற்கிற சனமெல்லாம் அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சென்ற ஆனியில் நடந்த போட்டியில் வென்றது அவன்தான். வெற்றிக் கோட்டைத் தாண்டி இறங்கியவன் தெருவிலேயே விழுந்தான். பல் கிட்டிவிட்டது. குதிக்காலும் பின்தலையும் மட்டும் நிலத்தில் பட, உடம்பு வில்லாய் வளைந்தது. நினைவு மட்டும் தப்பவில்லை. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டுவதும், மூச்சு உள்ளே போக மறுப்பதும் அவனுக்கு நன்றாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஆசுப்பத்திரியில் கண் திறந்தபோது, என்ன தின்றாய் என்று டாக்குத்தர் கேட்டார். சொன்னான். தெருநாய்களுக்கு வைக்கிற நஞ்சை எட்டிக்கொட்டையில் இருந்துதான் எடுக்கிறார்கள் என்றார் அவர். கொஞ்சம் உள்ளே போனால் நரம்பை முடுக்கும், தின்றவன் அதைப் பலம் என்று நினைப்பான். இன்னும் கொஞ்சம் போனால் நெஞ்சுத் தசை இறுகி மூச்சு நிற்கும். கையால் உருட்டிய குளிகையில் எது கொஞ்சம், எது கூட என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. அடுத்தமுறை ஆசுப்பத்திரிக்கு வந்து சேரமாட்டாய் என்றார்.

இதையெல்லாம் அத்தானிடம் ஒன்றும் விடாமல் சொன்னான். அத்தான் கேட்டுவிட்டு, வெயில் பட்டு விழுந்ததற்கு டாக்குத்தருக்கும் ஒரு கதை வேண்டும்தானே என்றார். பரியாரி பாலில் அவித்துச் சுத்தி செய்த சரக்கு அது, நாய்க்கு வைக்கிறது வேறு என்றார். கடைசியில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்:

"நீ மாட்டன் எண்டால் மாட்டன் எண்டு சொல்லு, தம்பி. உவன் நடராசா வாயைத் திறந்துகொண்டு நிக்கிறான்."

நடராசா கடையில் வேலை செய்கிற மற்றப் பையன். தொய்வுக்காரன். மழைக்காலத்தில் இழுத்து இழுத்து மூச்சு விடுவான். அவனை நினைத்து இளையதம்பி வாயை மூடிக்கொண்டான். அவனை நினைத்து மட்டும்தானா என்பது அவனுக்கே நிச்சயமில்லை. குளிகை இல்லாமல் ஓடினால் வெல்வேனா என்ற கேள்விக்கு இன்றுவரை அவனிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் விளங்கவில்லை. அதற்கு முன்னும் இதே குளிகையைத் தின்று ஓடியிருக்கிறான், விழுந்ததில்லை. ஆனியில் மட்டும் ஏன் விழுந்தான்? போட்டி நடந்த அந்தக் கிழமையில் ஒருநாள் ஒரு குளிகையை விழுங்காமல் நாக்கடியில் ஒதுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தும் இருந்தானே. எறிய மனம் வரவில்லை. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தான்.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்கா பராசக்தி அவன் கையைப் பார்த்தாள்.

"கை ஏன் உப்பிடி நடுங்குது? பயப்பிடாதை. சனிக்கிழமை விடிய உனக்குப் பாலிலை கரைச்சுத் தாறன்."

"எதை?"

"சாமிக் குளிகையை. போனமுறை நீ படத்துக்குப் பின்னாலை மறந்து வைச்சிட்டாய். நான்தான் எடுத்து, போட்டியண்டு கோயிலாலை வந்தவுடனை பாலிலை தந்தனான். வெயில் பட்டு விழுந்தாலும் அதாலைதானே வெண்டனி. இந்தமுறை அத்தானிட்டைக் கேட்டு ஒண்டு வாங்கி அதே படத்துக்குப் பின்னாலை வைச்சிருக்கிறன்."

கோயிலில் விழுங்கிய குளிகையின் கசப்பு வாயில் இருக்கும்போதே குடித்த பால் அது. தனிக் கசப்பாகத் தெரிந்திருக்க வழியில்லை. சொன்னால், தம்பியைச் சாகக் கிடத்தியது தன் கைதான் என்று அக்கா வாழ்நாளெல்லாம் நினைப்பாள். சொல்லாவிட்டால் சனிக்கிழமை மறுபடியும் கரைப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"அக்கா, அதிலை இருக்கிறது எட்டி. நஞ்சு. ரண்டு சேர்ந்ததாலைதான் நான் விழுந்தனான்."

துருவலை நின்றது. 

"அவருக்குத் தெரியுமோ?"

"ஓம். டாக்குத்தர் சொன்னதை அப்பவே சொன்னனான்."

"தெரிஞ்சுகொண்டோ சாமிக்கு முன்னாலை வைக்கிறார்?"

 அவள் எழும்பிப் போய்ப் படத்துக்குப் பின்னாலிருந்து குளிகையை எடுத்துவந்தாள். வெளியே எறியக் கையை ஓங்கினாள், கை போகவில்லை. திரும்பவும் வைக்கவும் முடியவில்லை. கடைசியில் அடுப்புக்குள் போட்டாள். நெருப்பும் சாமிதானே என்று முணுமுணுத்தாள்.

"அவரிட்டை நான் கேக்கமாட்டன், தம்பி. கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவார். பிறகு நான் அந்த மனிசனோடை எப்பிடி இருக்கிறது? நீதான் ஏதும் செய்யவேணும்."

படலையில் அத்தானின் சைக்கிள் மணி அடித்தது. இளையதம்பியின் தோள் துள்ளியது. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, சோறு போடக் கோப்பையை எடுத்தாள். அத்தான் கால் கழுவிக்கொண்டே, நாளைக்குப் பூசைக்கு ஊர்ப் பெரியவர்களும் வருகிறார்கள், நேரத்தோடு வெளிக்கிடு என்று சொன்னார். ஓம் என்றான் இளையதம்பி. 

சாப்பாட்டுக்குமுன் மீதியை எழுதினான். எழுத்துக் கோணியது. வெட்டித் திருத்தவில்லை.

காரணம், காலையில் விழுங்கிய குளிகை. நாளை, வெள்ளி. கடை திறக்கமுன் நடராசாவிடம் குளிகையில் இருப்பது என்னவென்று சொல்லவேண்டும். பிறகு கோயில். அத்தான் வெற்றிலையை நீட்டும்போது திருநீற்றை மட்டும் எடுக்கவேண்டும்.