செனட்டர் கொண்டுபோன தட்டு

திங்கட்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. அயோவா மாநிலம், ஹெல்மர் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் நிலவறை. வந்திருந்தவர்கள் நால்வர். மேசையின் தலைமாட்டில் ஆர்டித் ட்யாடன். முப்பது வருஷம் கவுண்டி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. அவருக்கு நேர் எதிரே யாரும் உட்காருவதில்லை. தூணோரம், மடங்காத இடது காலை இன்னொரு நாற்காலிமேல் நீட்டியபடி டெல்வின் ஹ்ருஸ்கா, பன்றிப் பண்ணைக்காரர். வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டி, கோட்டைக் கழற்றாமல் நியாகுவோத். இறைச்சி ஆலையின் குளிர் அறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு நேராக வந்திருந்தாள். காப்பிக் குடத்துக்குப் பக்கத்தில் மார்லிஸ் ஓன்ஸ்டாட், பள்ளிக்கூடச் சமையற்காரி, பசிக்கு எதிராக அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதும் இந்தக் குழுவின் செயலாளர்.

இவ்வளவையும் மார்லிஸ் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுவரை எழுதுவது அவள் வழக்கம். "நாளைக்கு யாராவது கேட்டா?" என்பாள். மூன்று வருஷமாக யாரும் கேட்டதில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆர்டித். "அஞ்சு மணிக்குப் பத்திரிகை ஆபீஸ் கதவைச் சாத்திடுவான். புதன்கிழமை இதழ்ல வரணும்னா அதுக்குள்ள குடுக்கணும்." மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தட்டச்சு செய்த கடிதத்தை வாசித்தார்.

"ஆசிரியருக்கு. உலகத்தின் ஏழைக் குழந்தைகளைப் பற்றி செனட்டர் காலவேயிடம் சனிக்கிழமை எங்கள் குழு ஒரு கேள்வி கேட்டது. அவர் மறுத்துவிட்டார். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனவரி மூன்றாம் தேதி காக்கஸ் கூட்டத்துக்குப் போகும் ஹெல்மர் மக்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்." பிறகு இரண்டு பத்தி இருந்தது. இரண்டும் முதல் பத்தியைவிடச் சூடு.

"சபாஷ்!" என்றார் டெல்வின். "எங்க போடணும் கையெழுத்து?"

"முதல் கையெழுத்து மார்லிஸோடது. கேள்வி கேட்டவ அவதானே."

குழுவின் விதி அதுதான். நால்வரும் கையெழுத்துப் போட்டால்தான் எந்தக் கடிதமும் வெளியே போகும். ஆர்டித் பேனாவை நீட்டினார். மார்லிஸ் வாங்கிக்கொண்டாள். மூடியைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள்.

அவளுக்கு அந்த ஒரு சொல் இடித்தது. மறுத்துவிட்டார். மறுத்தாரா?

மழை விட்டதும் ஈசல் கிளம்புகிற மாதிரி, நாலு வருஷத்துக்கு ஒருமுறை அயோவாவில் ஜனாதிபதி வேட்பாளர்கள் கிளம்புவார்கள். அந்தச் சில மாதங்கள்தான் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். டார்லாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கேக் தின்பார்கள், யார் என்ன கேட்டாலும் காது கொடுப்பார்கள். ஜெயித்து வெள்ளை மாளிகைக்குள் போனபின் அந்தக் கதவை ஹெல்மரிலிருந்து யார் தட்டுவது? அதனால்தான் ஆறு மாதமாக நால்வரும் ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஏழை நாடுகளின் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாடு போட நம் அரசாங்கம் கொடுக்கும் பணத்தை, ஜெயித்தால் முதல் வருஷமே இரட்டிப்பாக்குவீர்களா? ஒரே ஒரு வேட்பாளராவது ஆம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை நெருக்கலாம். இதுவரை மூன்று பேர் வந்து போனார்கள். மூவரும் எத்தனால், பண்ணை மானியம் என்று பேசிவிட்டுக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலவேதான் கடைசி ஆள். அவருக்குப் பிறகு இந்த ஊர்ப் பக்கம் யாரும் வரப்போவதில்லை.

கேள்வியே நியாகுவோத்தால் பிறந்தது. நாலு வருஷம் முன்னால் மகனைக் கூட்டிப்போக வந்தவள், பள்ளிக்கூடச் சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள்: "அகதி முகாம்ல நான் படிக்கப் போகல மார்லிஸ். கஞ்சிக்குப் போனேன். போன எடத்துல எழுத்தும் ஒட்டிக்கிச்சு." அன்றைக்கு இரவு மார்லிஸ் எழுதிய கடிதம்தான் அவள் வாழ்க்கையில் அரசாங்கத்துக்கு எழுதிய முதல் கடிதம்.

"என்ன யோசனை?" என்றார் ஆர்டித். "காற்புள்ளி எதாச்சும் தப்பா?"

"இல்ல ஆர்டித். அவர் மறுத்தாரா?"

"நீதானே முன்னாடி நின்ன! நான் நாலாவது மேசையில இருந்தே கேட்டேன்."

"சனிக்கிழமை எனக்கு ஷிப்ட்," என்றாள் நியாகுவோத். "என்ன நடந்துச்சுன்னு எனக்கு யாருமே முழுசாச் சொல்லல."

"நான் நடிச்சுக் காட்டறேன்," என்று டெல்வின் காலைக் கீழே இறக்கினார். சுவரோர மேசையிலிருந்து ஒரு காகிதத் தட்டை எடுத்துக்கொண்டார். "இந்தா, நான்தான் செனட்டர். நியூ மெக்சிகோக்காரன், பெரிய பெல்ட் பக்கிள், பல்லெல்லாம் வெள்ளை. மார்லிஸ், நீ வா."

"போடா, கிறுக்கு."

"வான்னா வா."

மார்லிஸ் எழுந்தாள். சனிக்கிழமை டார்லாவின் கடைக்கு அவள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோயிருந்தாள். ஐந்து குழி உள்ள, ஓரம் தேய்ந்த நீலத் தட்டு. வெறும் வாயால் கேட்டால் மறந்துபோவார் என்பது அவளுடைய யோசனை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அவர் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார்," என்றாள். "ஒவ்வொரு குழியிலயும் என்ன வைப்பேன்னு கேட்டார். சொன்னேன். அப்புறம் என் முகத்தையே பாத்தார்."

டெல்வின் காகிதத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மார்லிஸின் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "வித்தியாசமா இருக்கே!"

"அவ்வளவுதான்," என்றார் ஆர்டித். "அதோட உதவியாளன் வந்து இழுத்துட்டுப் போயிட்டான். கடையே கப்சிப்."

நியாகுவோத் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "அப்ப நல்லதுதானே?"

குழாய்க்குள் வெந்நீர் கடகடவென்று ஓடியது.

"நல்லதா?" என்றார் டெல்வின். "அம்மாடி, இந்த ஊர்ல ஒருத்தன் உன் மூஞ்சியப் பாத்து வித்தியாசமா இருக்குன்னு சொன்னா, ஆளை விடு தாயேன்னு அர்த்தம். வேணாம்னு வாய்விட்டுச் சொல்ல எங்களுக்கு வராது. என் மச்சினன் வீட்டுக்கு ஊதாக் கலர் அடிச்சானே, தெருவே போய் வித்தியாசமா இருக்குன்னு சொல்லிட்டு வந்துச்சு. அடுத்த மாசமே வெள்ளை அடிச்சுட்டான்."

நியாகுவோத் மெல்லக் கோட்டின் பொத்தானைக் கழற்றினாள்.

"நான் வந்த புதுசுல," என்றாள், "ஞாயித்துக்கிழமை கூட்டு விருந்துக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டு வரணும்னு சொன்னீங்க. நான் எங்க நாட்டு ரொட்டி, கிஸ்ரா, சுட்டுக் கொண்டாந்தேன். புளிக்கவச்ச சோள மாவுல. கூட வெண்டைக்காய்க் குழம்பு."

மார்லிஸுக்குக் காது சூடாயிற்று. டெல்வின் காகிதத் தட்டை மேசைமேல் வைத்தார்.

"எல்லாரும் வந்து வித்தியாசமா இருக்குன்னீங்க. பாஸ்டர் சொன்னாரு. நீயும் சொன்ன டெல்வின். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த மாசம் ரெண்டு பாத்திரம் கொண்டாந்தேன்."

"நியா..." என்றாள் மார்லிஸ்.

"ஒரு வருஷம்! பன்னெண்டு மாசம் மாவு கரைச்சிருக்கேன். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து நின்னு சுட்டிருக்கேன். ஒருத்தர்கூட வாயத் திறக்கல."

"எனக்கு நாலாவது மாசத்துல இருந்து பிடிச்சுப்போச்சு," என்றார் டெல்வின் ஈனக்குரலில். "சத்தியமா."

நியாகுவோத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மார்லிஸ் பதறினாள். சிரிப்பு. ஆர்டித்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்.

சிரிப்பு அடங்கும் முன்பே மார்லிஸின் மனத்தில் ஒன்று நகர்ந்தது. நியாகுவோத் அந்தச் சொல்லை அதன் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டாள், ஏனென்றால் அவள் வெளியூர். காலவேயும் வெளியூர்தானே? எங்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"தட்டு எங்க?" என்றாள் திடீரென்று.

"எந்தத் தட்டு?"

"என் தட்டு. சனிக்கிழமைத் தட்டு. அவர் திருப்பிக் குடுக்கவே இல்லையே. கையோட கொண்டுபோயிட்டார்."

"அட," என்றார் டெல்வின். "செனட்டர் தட்டையே திருடிட்டாரா? அதையும் கடுதாசியில சேத்துக்குங்க ஆர்டித்."

"வேணாம்னு சொல்ற ஆளு எதுக்குத் தட்டை எடுத்துட்டுப் போகணும்?"

"மறதி," என்றார் ஆர்டித். கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலேகால். "மார்லிஸ், ஊகத்தை வச்சுக்கிட்டு நாம உட்கார்ந்திருக்க முடியாது. காக்கஸுக்கு முன்னாடி எத்தனை இதழ் இருக்கு சொல்லு."

"நாலு. ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன்."

சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியில் டார்லாவின் கடைக்கு அழைத்தாள். மற்ற மூவரும் வாசலில் வந்து குவிந்தார்கள்.

"டார்லா, மார்லிஸ் பேசறேன். சனிக்கிழமை செனட்டர் உன் கடையில..."

"அந்த மனுஷன் பேர என்கிட்ட எடுக்காத!" டார்லாவின் குரல் வாசல்வரைக்கும் கேட்டது. "என் திராட்சை கேக்கைத் தின்னுட்டு என்ன சொன்னான் தெரியுமா? எங்க மாமியாகிட்ட கத்துக்கிட்ட பக்குவம், புளிப்பு க்ரீம் போட்டு, இந்தக் கவுண்டியில எவளுக்கும் வராது. வாயில வச்சதும் சொல்றான், வித்தியாசமா இருக்கேன்னு! எனக்கு அப்பவே மூஞ்சில அறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

மார்லிஸ் தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மிச்சம் வச்சாரா?"

"என்னது?"

"தட்டுல மிச்சம் வச்சாரா, டார்லா?"

டார்லாவின் குரல் தணிந்தது. "இல்ல. இன்னொரு துண்டு கேட்டான். நான் ஒண்ணும் பேசாம வச்சேன். அதையும் வழிச்சுட்டான். போறப்ப ஒரு முழு கேக்கைக் கட்டித் தரச் சொல்லிக் காசு குடுத்தான். எப்படிச் செய்யறதுன்னு வேற கேட்டான். நான் சொல்லுவேனா?"

"நன்றி டார்லா."

"எதுக்குடி நன்றி? ஏய்..."

மார்லிஸ் தொலைபேசியை மாட்டிவிட்டுத் திரும்பினாள். டார்லா சொன்னது மூவருக்கும் கேட்டிருந்தது.

"கேக் பிடிச்சுதுன்னா," என்றார் ஆர்டித் கடைசியாக, "பணத்தை ரெட்டிப்பாக்குவான்னு அர்த்தமில்ல."

"இல்லதான்," என்றாள் மார்லிஸ். "அவர் ஆம்னு சொன்னார்னு நான் சொல்லல. இல்லன்னு சொன்னார்னும் என்னால சொல்ல முடியாது. என்ன சொன்னார்னு எனக்குத் தெரியல, ஆர்டித். தெரியாததுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது."

"இப்ப விட்டா..."

"இப்ப விட்டா போச்சு. எனக்கும் தெரியும். ஆறு மாசம் நானும்தான் அலைஞ்சேன். நாம பத்திரிகையில மறுத்துட்டார்னு போட்டு, அவர் நெஜமாவே யோசிச்சுக்கிட்டு இருந்தார்னா? கிடைச்ச ஒரே ஆளையும் நாமளே வெரட்டின மாதிரி ஆயிடாதா?"

ஆர்டித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்தில் தப்பான விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படித்தான் துடைப்பார். கவுண்டி முழுக்க அதைப் பார்த்துப் பயப்படும்.

"சரி," என்றார். "அவன்கிட்டயே கேளு. ஆனா கெடு வை. கெடு இல்லாத கடுதாசிக்கு எவனும் பதில் போட மாட்டான். என் கடுதாசி என் கைப்பையிலயே இருக்கும்."

மார்லிஸ் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். தேவாலயத்தின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, தேதியிட்டு, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு எழுதினாள்.

"மதிப்பிற்குரிய செனட்டர் அவர்களுக்கு. சனிக்கிழமை டார்லாவின் கடையில் தட்டோடு வந்து கேள்வி கேட்டவள் நான். வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னீர்கள். எங்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று பொருள். உங்கள் ஊரில் என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்புகிறோம். கேள்வியை மறுபடி கீழே எழுதியிருக்கிறேன். ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். எந்தப் பதில் வந்தாலும் அதை அப்படியே எங்கள் பத்திரிகையில் வெளியிடுவோம். தட்டு பள்ளிக்கூடத்துச் சொத்து. அடியில் 114 என்று கீறியிருக்கும். பதிலோடு அதையும் அனுப்பிவைக்கவும்."

ஆர்டித் வாங்கி வாசித்தார். கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "டிசம்பர் இருபதுக்குள் பதில் வராவிட்டால், நீங்கள் பதில் தரவில்லை என்று வெளியிடுவோம்."

"மறுத்தார்னு இல்ல," என்றாள் மார்லிஸ். "தரவில்லைன்னுதான்."

"தரவில்லைன்னுதான்," என்றார் ஆர்டித். இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, அவரே முதலில் கையெழுத்துப் போட்டார்.

"கேக் எப்படிச் செய்யறதுன்னு டார்லாகிட்ட வாங்கி உள்ள வச்சா, தந்தி மாதிரி பதில் வரும்," என்றார் டெல்வின், தன் பெயரைக் கிறுக்கிக்கொண்டே.

"உயிரே போனாலும் குடுக்க மாட்டா," என்றபடி மார்லிஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை நியாகுவோத்திடம் கொடுத்தாள். அவளும் போட்டாள்.

மணி நாலே முக்கால். தபால் நிலையத்தையும் ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். அது தெருவுக்கு அந்தப் பக்கம்தான் என்றாலும் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. டெல்வினின் காலை வைத்துக்கொண்டு ஓட முடியாது. மார்லிஸும் நியாகுவோத்தும் மட்டும் கிளம்பினார்கள். இருட்டு அதற்குள் இறங்கிவிட்டது. தபால் நிலையத்துக்குள் விளக்கு எரிந்தது, வாசல் கதவில் மாட்டிய மணி சிணுங்கியது. சன்னலுக்குப் பின்னால் அன்றைய சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த லைல் நிமிர்ந்து பார்த்து, கட்டிய கயிற்றை அவிழ்த்தான்.

மார்லிஸ் தபால் தலையை ஒட்டினாள். விலாசத்தை இன்னொரு தடவை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். உறையின் மடிப்பை ஈரப்படுத்த நாக்கை நீட்டினாள். நாக்கு வறண்டு கிடந்தது.

"குடு," என்று நியாகுவோத் வாங்கி, பசை ஓரத்தை ஒரே இழுப்பில் நக்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

"எப்படி இருக்கு?"

நியாகுவோத் மடிப்பை அழுத்தி ஒட்டி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேய்த்தாள். ஹெல்மரில் பிறந்து வளர்ந்தவள்போல முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல் சொன்னாள்: "வித்தியாசமா இருக்கு."

லைல் சாக்கின் வாயைப் பிடித்துக் காத்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் சிரித்துக்கொண்டே கடிதத்தை உள்ளே போட்டாள்.