ஜன்னல் பக்கத்து வெள்ளை

இந்துமதி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சுவரைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளை, கதவுப் பக்கம் ஒரு வெள்ளை. சுடலைக்கண்ணன் மேஸ்திரி காலையிலேயே சாம்பிள் அடித்துக் காயவிட்டிருந்தார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. ரூமுக்கு எது நல்லாருக்கு?"

உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வி கையை நிறுத்தினாள். இரண்டும் அவளுக்கு ஒரே வெள்ளைதான். இருபது வருஷம் உப்பளத்து வெயிலில் வெந்த கண். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் கறுப்புக் கண்ணாடி தருவார்கள். ஜீப் போனதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பார்வை மங்கியதும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த அளத்து முதலாளி வன்னியபெருமாளின் வீடுதான் இது. இந்துமதி அவர் மருமகள். கண் விஷயம் மேஸ்திரிக்குத் தெரியாது. தெரிந்தால் இந்த வேலையும் போய்விடும், வேறு போக்கிடம் கிடையாது.

"ஜன்னல் பக்கம் உள்ளதுதாம்மா எடுப்பா இருக்கு."

"எனக்கும் அதான் தோணுச்சு. மத்தது மஞ்சளடிக்குல்லா?"

"ஆமாம்மா, அடிக்கு."

மஞ்சளடிப்பது ஹாலுக்கு என்று முடிவானது. மேஸ்திரி ஒரு வாளியை ஜன்னலடியில் வைத்தார். "ஏளா செல்வி, இதுதான் ரூமுக்கு. முடிச்சு வையி, நான் பக்கத்துல புதுக்கோட்டை வர போயிட்டு வாரேன்."

மூன்று சுவரை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தால் யாரோ அறையைப் பெருக்கி, ஹாலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் வாளியையும் இதோடு சேர்த்து மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டிலும் பாதிதான் இருந்தது. குனிந்து பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். யாரையாவது கேட்டால் குட்டு உடைந்துவிடும். இசக்கியம்மனை நினைத்துக்கொண்டு ஒன்றில் ரோலரை முக்கினாள்.

சாயங்காலம் மேஸ்திரியோடு முதலாளியும் வந்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு நாலாவது சுவரை உற்றுப் பார்த்தார்.

"என்னவே இது, ஒரு சுவரு மட்டும் மஞ்சக்காமாலை வந்தாப்ல இருக்கு?"

"ஏளா, கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" மேஸ்திரி கத்தினார்.

அவள் மூலையிலிருந்த வாளிகளை மாறி மாறிப் பார்த்தாள். மேஸ்திரிக்கு விளங்கிவிட்டது. முகம் செத்துப்போயிற்று.

"கண்ணு தெரியாததுகள எல்லாம் எங்கவே பிடிச்சிட்டு வாரீரு?" முதலாளி அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"நாளைக்கு வராதளா," என்றார் மேஸ்திரி, தணிந்த குரலில்.

ரோலரைக் கழுவி வைத்தாள். போகுமுன் இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்குப் போய், முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்தாள். இங்கே ஒரு கை, அங்கே ஒரு கை வைத்துப் பார்த்தாள். அளம் மாதிரி எல்லாம் வெள்ளையாகவே இருந்தது.