சாதனைப் பக்கத்தில் ஒரு குழாய்

அந்தச் சின்னக் கல்லூரியில் யார் தும்மினாலும் அது மாத மடலின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடும். ‘நம்மவர் சாதனைகள்’ என்று அதற்குப் பெயர். அவரவர் சாதனையை அவரவரே எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் வேறு யாரோ பாராட்டுவதுபோல. வரலாற்றுப் பேராசிரியர் மாதம் தவறாமல் தன்னை ‘அரிய ஆய்வாளர்’ என்று எழுதி அனுப்புவார். கூச்சமாவது ஒன்றாவது!

மடலைத் தயாரிப்பவளை எல்லோரும் ‘மடல் மேடம்’ என்பார்கள். அவள் கணவர் அங்கேயே தத்துவம் நடத்துகிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை, ஆனால் இதுவரை ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. எழுதும்படி நான் எதைச் சாதித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். ஆனால் மடல் வந்ததும் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

பக்கம் அமைக்கும்போது காலியாக நிற்கும் கட்டத்தில் வாய்க்கு வந்ததைத் தட்டி இடம் அளப்பாள், பிறகு அழித்துவிடுவாள். அந்த மாதம் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டிச் சொட்டி அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கணவரோ இதோ அதோ என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடுப்பில் தட்டினாள்: ‘தத்துவப் பேராசிரியர் தம் வீட்டுக் குழாயை யார் துணையுமின்றிச் சரிசெய்து சாதனை படைத்துள்ளார். வாழ்த்துகிறோம்.’

தட்டிவிட்டுத் தனியாகச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து வரலாற்றுப் பேராசிரியர் வந்து நின்று, ‘அரிய’ என்பதை ‘அரும்பெரும்’ என்று மாற்றச் சொல்லிப் பிடுங்கி எடுத்தார். அதை மாற்றினாள், இதை அழிக்க மறந்தாள்.

மடல் அச்சாகி வந்த பிறகுதான் அது அவள் கண்ணில் பட்டது. ஏற்கெனவே உள்ளுக்குள் மருகுகிற மனுஷனை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே! ஆனால் கல்லூரி அதை நம்பிவிட்டது. முதல்வர் அவள் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வகுப்பில் பிள்ளைகள் கைதட்டினார்கள். வேதியியல் பேராசிரியை தன் வீட்டுக் குழாய்க்கும் யோசனை கேட்டாராம். கணவர் எதையும் மறுக்கவில்லை என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

சாயங்காலம் அவர் கல்லூரிக் காவலாளியிடம் இரவல் வாங்கிய ஸ்பானரோடு வந்தார்.

“மன்னிச்சிடுங்க. தப்பா வந்துடுச்சுன்னு அடுத்த மடல்ல போட்டுடறேன்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “போடாத. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என்னைப் பத்தி அதுல வந்திருக்கு. அது பொய்யா இருக்கக் கூடாது.”

சொல்லிக்கொண்டே குழாயில் ஸ்பானரைப் போட்டுத் திருகினார். அவள் அழுவதற்குள் தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. முதலில் தண்ணீரை மூட வேண்டும் என்று எந்தத் தத்துவமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. அவள் வெளியே ஓடிப்போய் வால்வை மூடினாள். திரும்பி வந்தபோது அவர் தொப்பலாக நனைந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடித் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கும்தான். எப்படியோ போராடி இருட்டுவதற்குள் சொட்டை நிறுத்திவிட்டார்.

மறு மாதம் அவள் மேஜையில், அவர் கையெழுத்தில், வழக்கப்படியே யாரோ எழுதியதுபோல ஒரு தாள் இருந்தது.

‘சென்ற மடலில் வந்த செய்தி இப்போது உண்மையாகிவிட்டது. ஆனால் “யார் துணையுமின்றி” என்பது தவறு. தண்ணீரை மூடியவர் அவர் மனைவி.’

அவள் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அரும்பெரும் ஆய்வாளரைக் கீழே தள்ளிவிட்டுப் பக்கத்தின் உச்சியில் போட்டாள்.