பலகையில் எழுதிய பழுது

காலையில் விமான ஷெட்டைத் திறந்ததும் மெக்கானிக்கின் மூக்கில் பெயின்ட் வாடை ஏறியது. சுவரிலிருந்த கரும்பலகைக்குப் பச்சை அடித்திருந்தார்கள். பத்து வருஷமாக ஒரு சொட்டுப் பெயின்டுக்கு வழியில்லாத பலகை, விமானம் விழுந்த நாலாம் நாள் கல்யாணப் பெண் மாதிரி மினுமினுத்தது.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பயிருக்கு மருந்து தெளிக்கும் பருவத்தில், விமானத்தில் கண்ட பழுதைப் பதிவேட்டில் எழுத மாட்டார்கள். பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். பதிவேட்டில் ஏறிவிட்டால், சரிசெய்து கையெழுத்துப் போடும்வரை விமானம் தரையை விட்டுக் கிளம்பக்கூடாது என்பது சட்டம். பலகைக்கு எந்தச் சட்டமும் கிடையாது. "பூச்சி நமக்காகக் காத்திருக்குமா?" என்பார் முதலாளி. எல்லோரும் தலையாட்டினார்கள். மெக்கானிக்கும்தான் ஆட்டினார், பூம்பூம் மாடு தோற்றுப்போகும்.

விழுந்த விமானத்தை ஓட்டியது மெக்கானிக்கின் தங்கை புருஷன். அன்று ஏறுவதற்கு முன் பலகையைப் பார்த்துவிட்டு, "மச்சான், ஆயில் ஃபில்டர்ல இரும்புத் தூள்னு எழுதியிருக்கீங்களே, எஞ்சின் உள்ள தேயுதுல்ல, தாங்குமா?" என்று கேட்டான்.

"நாலு நாள் தாங்கும் மாப்ள."

அது முதலாளி சொன்ன கணக்கு. ஆனால் சொன்ன வாய் இவருடையது. எஞ்சின் நாலு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. நூறடி உயரத்தில் நின்றுபோனது. தொட்டி நிறைய மருந்து. அதை அங்கேயே கொட்டியிருந்தால் பாரம் குறைந்து பருத்திக்காட்டில் எப்படியோ இறங்கியிருக்கலாம். காட்டில் பதினோரு பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலையில் விஷத்தைக் கொட்ட மனசு வராமல், வாய்க்கால் கரைவரை இழுத்துக்கொண்டு போய் விழுந்தான். இனி நடக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டித் தொலைத்திருந்தாலாவது தேவலை.

பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி வந்தார். மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்துத் தானே படித்தார். முன்பே தெரிந்த பழுது ஏதுமில்லை. எஞ்சின் நின்றதும் மருந்தைக் கொட்டாதது விமானியின் தவறு. கீழே மெக்கானிக்கின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போடுப்பா. உன் மாப்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி. குரலில் அப்படி ஒரு கனிவு.

"பதினோரு பேரைக் காப்பாத்தினது தப்பா சார்?" என்று மெக்கானிக் அதிகாரியைக் கேட்டார்.

"விதி அப்படித்தான் இருக்கு. பழுது இருந்துச்சுன்னா பதிவேட்டைக் காட்டுங்க."

பதிவேடு வெள்ளை வெளேரென்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மறைத்த கை இவருடையது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"பழுது இருந்துச்சு. பாத்தது நான். பதிவேட்டுல ஏத்தாம பலகைல எழுதினதும் நான். எழுதச் சொன்னது இவரு. நேத்துப் பெயின்ட் அடிக்கச் சொன்னதும் இவருதான்."

"கிறுக்குப் புடிச்சிருச்சா? உன் லைசென்சும் சேந்து போகும்டா" என்றார் முதலாளி. கனிவு போன இடம் தெரியவில்லை.

"போகட்டும். அவனுக்குக் காலே போயிருச்சு."

படித்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, தான் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி வாங்கி இரண்டு தடவை படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாசலில் இன்னொரு விமானி தலைக்கவசத்தோடு நின்றிருந்தார், ஓய்வு பெற ஒரு வருஷமே மிச்சமுள்ள மனுஷர். மருந்து ஏற்றிய விமானம் அவருக்காகப் பின்னால் காத்திருந்தது. உள்ளே பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஏம்ப்பா, என் வண்டிக்கு என்ன எழுதியிருந்தே?"

மெக்கானிக் யோசித்தார். ஒரு பருவத்தில் எத்தனையோ வரிகள், எத்தனையோ அழிப்புகள். எது எந்த விமானத்துக்கு என்று நினைவு வரவில்லை.

"ஒண்ணுமில்லை, ஏறுங்க. நேரமாகுது" என்றார் முதலாளி.

மெக்கானிக் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனார். விமானியும் கூடவே வந்தார். முதலாளி பின்னாலிருந்து கத்திக்கொண்டேயிருந்தார். மெக்கானிக் எஞ்சின் மூடியைத் திறந்து, ஆயில் ஃபில்டரைக் கழற்றி, இறக்கைமேல் விரித்த வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். இரண்டு பேரும் குனிந்தார்கள். கறுப்பு எண்ணெய் மெல்லப் பரவியது. பரவிய இடமெல்லாம் வெயிலில் பொடிப்பொடியாக மின்னியது.